உள்ளே யாரும் இருக்கிறார்களா?

எர்லாங் என்று ஒரு கணனி மொழி இருக்கிறது. இலக்கியச் சஞ்சிகையொன்றில் அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மொழியின் ஒரு சிறு கட்டளைக்குத் தமிழில் பெயர் தேடப்போய், பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஏழு பேரும் நானும் இரண்டு சனிக்கிழமைகளைச் செலவழித்தோம். அகராதி தந்த சொற்கள் எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய காயம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல இந்தப் பக்கங்களைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் மொழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுவீடன் நாட்டு எரிக்சன் கம்பனியின் ஆய்வுகூடத்தில் 1986 ஆம் ஆண்டளவில் ஜோ ஆம்ஸ்ட்ரோங், ரொபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் என்ற மூவரின் கையில் இது உருவாகத் தொடங்கியது. தொலைபேசிப் போக்குவரத்தைக் கணிதமாக ஆராய்ந்த டென்மார்க் நாட்டவரான ஏ.கே. எர்லாங் என்பவரின் பெயரையே மொழிக்கும் வைத்தார்கள். எரிக்சன் கம்பனிக்கு வேண்டியிருந்தது தொலைபேசி இணைப்பகங்களை இயக்குவதற்கு ஒரு மொழி. தொலைபேசி இணைப்பகத்துக்கு ஒரு விசித்திரமான நிபந்தனை உண்டு. அதை நிறுத்த முடியாது. வங்கியை ஞாயிற்றுக்கிழமை பூட்டலாம், பாடசாலைக்கு விடுமுறை விடலாம். இணைப்பகத்தில் எந்த நேரமும் யாரோ யாரோடோ கதைத்துக்கொண்டிருப்பார்கள். அதன் விதிகளில் ஒரு பிழை இருந்தால், அந்தக் கதைகள் அறுந்துபோகாமலேயே பிழையைத் திருத்த வேண்டும். ஓடுகிற பஸ்ஸின் சில்லை ஓட்டத்திலேயே கழற்றி மாட்டுவது போன்ற வேலை. எர்லாங் அதற்காகவே பிறந்தது.

1998 ஆம் ஆண்டில் எரிக்சன் கம்பனியே தனது புதிய உற்பத்திகளில் இந்த மொழியைப் பாவிக்கக்கூடாது என்று முடிவெடுத்தது. அதே ஆண்டின் இறுதியில் மொழி திறந்த மூலமாக எல்லோருக்கும் இலவசமாக விடப்பட்டது. தாய்வீட்டில் வேண்டாமென்று சொல்லப்பட்ட பின்னர்தான் அது உலகம் சுற்றியது. 2009 இல் தொடங்கிய வட்ஸ்அப் தனது சேவையகங்களை எர்லாங்கில் கட்டியது. 2012 இன் தொடக்கத்தில் ஒரே சேவையகத்தில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்கியதாக அறிவித்தது. 2014 இல் பேஸ்புக் அதை 1900 கோடி டொலருக்கு வாங்க முன்வந்தபோது வட்ஸ்அப்பின் பாவனையாளர்கள் சுமார் 45 கோடிப் பேர். பூனாகலையில் லயத்து வாசலில் நின்று குவைத்திலோ ரியாதிலோ வீட்டு வேலைக்குப் போன தாய்க்குச் செய்தி அனுப்புகிற பிள்ளைக்கும் இந்த மொழிக்கும் இப்படியாக ஓர் உறவு உண்டு. அந்தச் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே சேவையகத்தின் விதிகள் மாற்றப்பட்டிருக்கலாம். பிள்ளைக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் அந்த வேலையின் சிறப்பு.

நான் இந்த மொழியில் எழுதிப் பிழைப்பவன். 2020 இல் கொரோனாவோடு ஊருக்கு வந்த வேலை ஊரிலேயே நின்றுவிட்டது. சேர்வர் கொழும்பில் இருக்கும், நான் பூனாகலையில் இருப்பேன். திருத்திய நிரலைப் பாவனையாளர்கள் இருக்கும் சேர்வரில் நேரடியாக ஏற்றுவதில்லை. அதற்கென்று 'டிவலொப்மென்ட் சேர்வர்' என்று ஒன்று இருக்கும். நாடகத்துக்கு ஒத்திகைக் கொட்டகை இருப்பது போல. நானும் பிள்ளைகளும் அதை ஒத்திகைச் சேர்வர் என்றுதான் அழைக்கிறோம். அங்கே கூறு கூறாக நிரலை ஏற்றி, ஓடவிட்டு, பார்த்து, திருத்தி, மீண்டும் ஏற்றுவது என் நாளாந்த வேலை. தொலைபேசியில் சக ஊழியர்களோடு 'ஏத்திட்டேன், ஏத்திட்டேன்' என்று நான் சொல்வதைக் கேட்டுக் கேட்டு உம்மா ஒரு நாள், "ராவும் பகலும் என்னத்த மகன் ஏத்துற? லொறியா?" என்று கேட்டார். அப்படியொன்றும் தவறான கேள்வியல்ல. கொழுந்து லொறியில் ஏற்றுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்தான். லொறி நின்றிருக்கும்போது ஏற்றுவார்கள். இங்கே லொறி ஓடிக்கொண்டிருக்கும்.

2022 இல் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன நாட்களில், இந்த வித்தியாசத்தின் அருமை எனக்கு நன்றாக விளங்கியது. இங்கே கரண்ட் போகும், சிக்னல் கோபுரமும் சற்று நேரத்தில் படுத்துவிடும். ஆனால் கொழும்பிலிருந்த சேர்வர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் நான் மறுபடி உள்ளே நுழைந்து, விட்ட இடத்திலிருந்து ஒரு கூறை மாத்திரம் திருத்தி ஏற்றுவேன். காலையில் தொடங்கிய கணக்கு மாலையிலும் அழியாமல் இருக்கும்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதை விளங்கப்படுத்த என் வாப்பாவின் கடன் கொப்பியைத்தான் எடுக்க வேண்டும். வாப்பா பூனாகலைக் கடைவீதியில் சில்லறைக் கடை வைத்திருந்தார். தோட்டத்துக் குடும்பங்கள் மாதம் முழுவதும் அரிசியும் மாவும் பருப்பும் கடனுக்கு எடுத்துச் சம்பளத்தன்று தீர்ப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கொப்பி. விசேஷம் என்னவென்றால், கொப்பி கடையில் இருக்காது, அந்தந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும். சாமான் வாங்க வரும்போது கொண்டுவருவார்கள். வாப்பா பார்த்து, கூட்டி, எழுதித் திருப்பிக் கொடுப்பார். சீனி விலை கூடினால் வாப்பாவின் தலையிலிருக்கும் விலைப்பட்டியல் மாறும். குடும்பத்தின் கையிலிருக்கும் பாக்கி மாறாது. கடையை இரண்டு நாள் பூட்டி விலையை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை.

சார்பு நிரலாக்கம் என்று சொல்லப்படும் முறையின் உயிர்நாடி இதுதான். விதி ஓரிடத்தில், கணக்கு ஓரிடத்தில். விதி கணக்கைத் தன் வீட்டு மூலையில் ஒளித்து வைத்துக்கொள்வதில்லை. கணக்கை வாங்கும், பார்க்கும், புதுக் கணக்கொன்றை எழுதிக் கையில் கொடுக்கும். பழைய பக்கத்தை அழித்துத் திருத்தவும் எர்லாங்கில் இடமில்லை. ஒரு பெயருக்கு ஐந்து என்று பெறுமதி கொடுத்தால், அந்தக் கணக்கு முடியும்வரை அது ஐந்துதான். கணக்கு எப்போதும் ஆளின் கையிலேயே இருப்பதால், விதியை மாத்திரம் எடுத்துவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் வைக்க முடிகிறது.

கொப்பி நிரம்பிவிட்டால் வாப்பா புதுக் கொப்பியின் முதல் வரியில் பழைய பாக்கியை எழுதிவிட்டுத்தான் அடுத்த சாமானை நிறுப்பார். எர்லாங்கிலும் அதற்கொரு ஏற்பாடு உண்டு. புதிய விதிக்குக் கணக்கு வேறு வடிவத்தில் வேண்டுமானால், பழைய வடிவத்தைப் புதியதாக மாற்றி எழுதும் ஒரு சிறு பகுதியை நிரல் எழுதுபவரே எழுதிக் கொடுக்க வேண்டும். இதை எழுதாமல் தப்பித்துக்கொள்ள நினைப்பவர்கள் உண்டு. பாக்கியைப் பெயர்க்காமல் புதுக் கொப்பி கொடுக்கும் கடைக்காரனை யார் நம்புவார்கள்?

பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கியது 2024 இன் கடைசி மாதங்களில். சனிக்கிழமைகளில் வாப்பாவின் பழைய கடையறையில். பழைய மடிக்கணனி ஒன்று ஒத்திகைச் சேர்வர். அதன் பெற்றரி ஒன்றரை மணித்தியாலம் தாங்கும் என்பதால் கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது. இன்னும் மூன்று கணனிகள் வைபையில் அதோடு இணைந்திருக்கும். ஏழு பேரும் தமிழ் மொழிமூலம் படிப்பவர்கள், சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் இடையில் நிற்பவர்கள். ஆங்கிலம் தெரிந்தால்தான் கணனி என்று அவர்களுக்கு யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். ஆகவே எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்வதென்று முடிவெடுத்தோம். மொடியூல் என்பது கூறு. சேர்வருக்குள் தனித்தனியே ஓடும் சிறு சிறு இயக்கங்களை எர்லாங்கில் ப்ரொசெஸ் என்பார்கள். பாடப்புத்தகத்தில் செயன்முறை என்றிருக்கிறது. பிள்ளைகளோ முதல் நாளிலேயே அதற்கு 'ஆள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒவ்வொரு ஆளும் தன் கணக்கைத் தன் கையில் வைத்திருக்கும், மற்ற ஆளோடு செய்தி மூலம் மாத்திரமே பேசும். பெயர் அப்படியே பொருந்தியது.

எடுத்துக்காட்டுக்குக் கொழுந்து நிறுவையையே எடுத்தோம். ஒவ்வொரு பிள்ளையும் சேர்வருக்குள் ஓர் ஆளை உருவாக்கியது. அந்த ஆள் ஒரு கொழுந்து பறிக்கும் பெண். "பதினொரு கிலோ" என்று செய்தி அனுப்பினால் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வாள். "கூலி எவ்வளவு?" என்று கேட்டால் சம்பளக் கூறில் உள்ள விதிப்படி கூட்டிச் சொல்வாள். விதியில் முதலில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று எழுதினோம். அது 2021 இல் வர்த்தமானியில் வந்த தொகை. நெடுங்காலப் போராட்டத்தின் பின்னர் வந்தது என்பதால் தோட்டத்தில் சிறு பிள்ளைக்கும் அந்த எண் தெரியும். 2024 செப்டம்பரில் அது 1350 ஆனது. ஆகவே பாடத்தின் இரண்டாம் பாதியில், ஆட்கள் மலையில் நிற்கும்போதே, அதாவது சேர்வரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1000 என்பதை 1350 என்று மாற்றிக் கூறை மீண்டும் ஏற்றுவதாகத் திட்டம்.

கூறை ஏற்றுவதற்கு எர்லாங்கில் 'கோட் சேர்வர்' என்று உள்ளேயே ஒரு பொறுப்பாளர் உண்டு. ஒத்திகைச் சேர்வரில் ஒரு கூறை யாராவது முதன்முதலில் அழைக்கும்போதுதான் அவர் அதைத் தேடி எடுத்து ஏற்றுவார். புதிய பதிப்பை ஏற்றச் சொன்னால் பழையதை உடனே வீசிவிடமாட்டார். புதியதை 'நடப்பு' என்றும், இருந்ததைப் 'பழையது' என்றும் குறித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார். பழையதற்குள் நிற்கும் ஆட்கள் தம் வேலையைத் தொடரலாம். ஓர் ஆள் எப்போது புதியதற்கு மாறும் என்பதற்கு ஒரு தெளிவான விதி உண்டு. கூறின் பெயரையும் அதற்குள் இருக்கும் வேலையின் பெயரையும் சேர்த்து, முழுப்பெயர் சொல்லி அழைத்தால் அந்த அழைப்பு நடப்புப் பதிப்புக்குப் போகும். வீட்டுக்குள் கூப்பிடுவது போல வேலையின் பெயரை மாத்திரம் சொல்லிக் கூப்பிட்டால், எந்தப் பதிப்பில் நிற்கிறதோ அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்ணால் காணட்டும் என்று மூன்று பிள்ளைகளுக்கு முழுப்பெயர் அழைப்பும், நான்கு பிள்ளைகளுக்குச் சுருக்கமான அழைப்பும் எழுதக் கொடுத்திருந்தேன். கூறை ஏற்றினோம். கேட்டோம். மூன்று ஆட்கள் 1350 என்றன. நான்கு ஆட்கள் 1000 என்றே சொன்னார்கள். கிலோக் கணக்கு ஏழு பேரிடமும் சரியாகவே இருந்தது.

"சம்பளம் கூடினது இவங்களுக்குத் தெரியாதா சேர்?" என்றான் ஒரு பையன்.

"தெரியாது. யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையே."

பிள்ளைகள் சிரித்தார்கள். தோட்டத்தில் கூட்டிய சம்பளம் கைக்கு வருவதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்பது அவர்கள் வீட்டில் நடப்பது. பிறகு விதியில் இன்னொரு சிறு திருத்தம் செய்து மீண்டும் ஏற்றினோம். இது மூன்றாவது பதிப்பு. கோட் சேர்வரிடம் இரண்டு பதிப்புகளுக்குத்தான் இடமுண்டு. மூன்றாவது வருவதானால் முதலாவது போக வேண்டும். அதற்குள் இன்னும் யாராவது நின்றால் அவர்களும் அதோடு போவார்கள். அந்த நான்கு ஆட்களிடமும் கூலி கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். திரையில் பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. செய்தி அனுப்பப்பட்டது, பதில்தான் இல்லை. எர்லாங்கில் இறந்த ஆளுக்கு அனுப்பும் செய்தி ஓசையில்லாமல் காற்றில் போய்விடும்.

நான்கு பேரில் ஒரு பிள்ளை திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அந்தப் பொம்பள காலையில இருந்து பறிச்ச கொழுந்து என்னாச்சு சேர்?"

"அதுவும் போய்விட்டது. கணக்கு அவள் கையில்தானே இருந்தது."

"சொல்லாமலேயா சேர் காலி பண்ணுனாங்க?"

பதினைந்து வருடங்களாக இந்த மொழியோடு பழகுகிறேன். இந்தக் கட்டளையை ஆயிரக்கணக்கான தடவை கொடுத்திருப்பேன். இந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை.

அந்தக் கட்டளையின் பெயர் 'பேர்ஜ்'. அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடினோம். அகராதியில் முதலில் கிடைத்தது 'களையெடுப்பு'. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் களையெடுப்பது ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். ஆனால் நமது தலைமுறையில் இந்த நாட்டில் தமிழ் வாசித்த எவருக்கும் அந்தச் சொல் எந்தெந்த மனிதர்கள்மீது பாவிக்கப்பட்டது என்பது தெரியும். வேண்டாம் என்றேன். அடுத்தது 'வெளியேற்றம்'. அதைச் சொன்னபோது என் நாக்கே நின்றது. வடபுலத்து முஸ்லிம்களுக்கு அது ஒரு சொல்லல்ல, ஒரு திகதி. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். வீடு, கடை, கணக்குக் கொப்பி எல்லாம் அங்கேயே இருக்க, மனிதர்கள் மாத்திரம் நடந்தார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். அவர்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஒருவன் தன் தாத்தா சொன்ன கதையைச் சொன்னான். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கப்பலேறிய உறவுகளின் கதை. அதை நான் புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, போனவர்களின் பேரன் வாயால் கேட்டதில்லை. வெளியேற்றம் என்ற ஒரே சொல் அந்தக் கடையறையில் இரண்டு திசைகளில் கனத்தது. இரண்டு வீட்டுக் கதைகளும் ஒரே மேசையில் வந்து உட்கார ஒரு கணனிக் கட்டளை தேவைப்பட்டிருக்கிறது.

கடைசியில் அந்தப் பிள்ளை சொன்ன சொல்லையே வைத்துக்கொண்டோம். காலிபண்ணல். லயத்துக் காம்பிராவைக் காலி பண்ணச் சொல்வது தோட்டத்தில் எல்லோரும் அறிந்த பேச்சு.

எர்லாங்கில் இன்னொரு கட்டளையும் உண்டு. அதற்கு 'மென்மையான பேர்ஜ்' என்று பெயர். அது பழைய பதிப்புக்குள் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பார்க்கும். ஒருவரும் இல்லையென்றால் அகற்றும். ஒரே ஓர் ஆள் நின்றாலும் 'முடியாது' என்று திரும்பிவிடும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் அதற்குக் 'கேட்டுக் காலிபண்ணல்' என்று பெயர் வைத்தார்கள். "இது இருக்கும்போது மத்தது எதுக்கு சேர்?" என்று அதே பிள்ளை கேட்டாள். சில ஆட்கள் கெட்டுப்போய், ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு, எவ்வளவு காத்திருந்தும் வெளியே வரமாட்டார்கள் என்றும், அப்போது வன்மையான கட்டளை வேண்டும் என்றும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் ஒத்திகைச் சேர்வரில் நாளாந்தம் பாவிக்கும் சுருக்கக் கட்டளைகளுக்குள் ஒளிந்திருப்பது வன்மையானதுதான் என்பதும் உண்மை. அவசரத்தில் இருப்பவர்களின் விரலுக்கு எட்டிய இடத்தில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளையின் குடும்பம் கபரகலைத் தோட்டத்தைச் சேர்ந்தது. 2023 மார்ச்சில் அங்கே மலை இறங்கியது. வீடுகள் சேதமாகின, சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். அதற்கு முன்னர், 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது இந்தப் பகுதியில் யாருக்கும் மறக்காது. மீரியபெத்தைச் சனங்களை அவ்விடத்தை விட்டுப் போகும்படி 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்ததாகப் பிற்பாடு பேசினார்கள். அதாவது கேட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கே போவது? தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் கிடைக்கவே 2016 ஆனது. இங்கேதான் எர்லாங்கின் ஒழுங்குமுறையில் நான் பல வருடம் கவனியாத ஒரு விடயம் பிள்ளைகளால் கண்ணில் பட்டது. கோட் சேர்வர் எந்தப் பதிப்பையும் தானாகப் 'பழையது' என்று சொல்வதில்லை. கூறை ஏற்றும்போது, புதியது வந்து ஏறி, நின்று, அழைத்தால் பதில் சொல்லத் தயாராகும்போதுதான் இருந்ததற்குப் பழையது என்ற பெயர் வருகிறது. புதியது இல்லாமல் ஒன்றைப் பழையதென்று சொல்லி ஆட்களை இறங்கச் சொல்வது கூறு ஏற்றும் அந்த வழக்கத்தில் இல்லை. ஊர் வழக்கத்தில் அதுதான் நடக்கிறது.

மார்க்க விடயங்களைக் கணனியோடு ஒப்பிடுவதில் எனக்குத் தயக்கமுண்டு. ஒப்பிடவில்லை, அன்றிரவு இஷாவுக்குப் பின்னர் ஞாபகத்துக்கு வந்ததைச் சொல்கிறேன். நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்து பதினாறு அல்லது பதினேழு மாதங்கள் பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுதார்கள். பின்னர் கிப்லா கஃபாவின் பக்கம் மாற்றப்பட்டது. குபாவில் மக்கள் ஸுபஹ் தொழுதுகொண்டிருந்தபோது ஒருவர் வந்து இந்தச் செய்தியை அறிவித்ததாகவும், ஷாமை நோக்கி நின்றவர்கள் அப்படியே கஃபாவின் பக்கம் திரும்பிக்கொண்டதாகவும் இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸை நாம் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். தொழுகையை முறித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவில்லை. அதுவரை தொழுதது தொழுததாகவே இருந்தது. திசை மாத்திரம் மாறியது. இந்த மாற்றத்துக்கு முன்னரே மௌத்தாகிவிட்டவர்களின் தொழுகைகள் என்னவாகும் என்று ஸஹாபாக்கள் கவலைப்பட்டபோது, அவர்களது ஈமான் வீணாக்கப்படாது என்ற ஆறுதல் ஸூரா பகராவின் 143 ஆம் வசனத்தில் இறங்கியது. எத்தனையோ தடவை கேட்ட சம்பவம்தான். ஆனால் ஒரு பெரிய மாற்றத்தின்போது பழைய திசையில் நின்றவர்களின் கணக்கைப் பற்றிக் கவலைப்படுவது இவ்வளவு முக்கியமான காரியம் என்பது, கொழுந்துக் கணக்கைக் கேட்ட அந்தப் பிள்ளையால்தான் எனக்கு உறைத்தது. செய்தியைக் கொண்டுவந்து சொன்ன அந்த ஒருவரையும் நினைத்துக்கொண்டேன். அவர் வந்திருக்காவிட்டால் அவர்கள் பழைய திசையிலேயே தொழுது முடித்திருப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் ஒரு தீர்மானத்தோடு வந்தார்கள். எங்கள் ஒத்திகைச் சேர்வரில் இனிச் சுருக்கக் கட்டளையால் கூறு ஏற்றுவதில்லை. அதற்குப் பதிலாகத் தாங்களே ஒன்று எழுதப் போகிறார்கள். ஒவ்வோர் ஆளையும் பற்றி, அது ஒரு கூறின் பழைய பதிப்புக்குள் இன்னும் நிற்கிறதா என்று சோதித்துச் சொல்லும் வசதி எர்லாங்கில் உண்டு. அதைக் கொண்டு சேர்வரில் உள்ள எல்லா ஆட்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, உள்ளே நிற்பவர்களின் பெயர்ப்பட்டியலை முதலில் திரையில் போட வேண்டும். பட்டியல் வெறுமையாக இருந்தால் மாத்திரம் ஏற்ற வேண்டும். இதற்காக ஒவ்வோர் ஆளுக்கும் பெயர் பதிவு செய்தோம். அதுவரை ஆட்களுக்கு எண்தான் இருந்தது. பெயர்களைத் தமிழிலேயே எழுதினார்கள். அம்மாவின் பெயர், அம்மாயியின் பெயர். 2017 இல் வந்த எர்லாங்கின் இருபதாம் பதிப்பிலிருந்து ஆளின் பெயரையும் வேலையின் பெயரையும் ஒற்றை மேற்கோளுக்குள் தமிழ் எழுத்திலேயே எழுத முடிகிறது. கூறின் பெயருக்கு மாத்திரம் இன்னும் அந்த உரிமை கிடைக்கவில்லை, அதை இலத்தீன் எழுத்தில்தான் எழுத வேண்டும். ஆகவே முழுப்பெயர் சொல்லி அழைக்கும்போது முதற்பாதி ஆங்கில எழுத்தும் மறுபாதி தமிழுமாக நிற்கும். "தோட்டத்துப் பேரும் எங்க பேரும் மாதிரி சேர்" என்றான் பையன். தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்றும் சனங்கள் அழைக்கும் பெயர் ஒன்றுமாக இருப்பதைச் சொல்கிறான்.

எழுதி முடிக்க மூன்று வாரம் எடுத்தது. சுமார் நாற்பது வரி. அனுபவமுள்ளவர்கள் பார்த்தால் இதைவிடச் சுருக்கமாக எழுதலாம் என்பார்கள். வேலைக்கென்று நான் பாவிக்கும் ஒத்திகைச் சேர்வரிலும் அதைச் சேர்த்துக்கொண்டேன். சக ஊழியர் ஒருவர், இதனால் ஒவ்வொரு தடவையும் சில விநாடி தாமதமாகிறதே என்றார். ஆம், தாமதமாகிறது.

இப்போது ஒரு கூறைத் திருத்தி ஏற்றச் சொன்னால், ஏற்றுவதற்கு முன்னர் திரையில் ஒரு வரி வரும். அதற்குக் கீழே பெயர்கள் வரும். சில வேளை ஒன்று, சில வேளை ஐந்தாறு. அவர்கள் ஒவ்வொருவரையும் முழுப்பெயர் சொல்லி அழைத்துப் புதியதற்குள் வரவழைத்த பிறகே பழையது காலியாகும். திரையில் அந்த முதல் வரியாக வருவதற்கு என்ன வாசகத்தை எழுதலாம் என்று பிள்ளைகளிடம் விட்டிருந்தேன். அவர்கள் எழுதியதையே இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.